67 மஸ்டாங்கில் கொயோட் எஞ்சின்: ஷாக் டவரை அறுக்கலாமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 11

ஒஹாயோவில் இருக்கிறேன். 1967 ஃபோர்டு மஸ்டாங் ஹார்ட்டாப் ஒன்று விலைக்கு வருகிறது. 289 கன அங்குல வி8, மூன்று கியர் ஆட்டோமேட்டிக், ஓடும் நிலை. பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு, இன்றைய மஸ்டாங்கில் வரும் 5 லிட்டர் வி8-ஆன புது 5.0 கொயோட் வைப்பது என் திட்டம். மற்றதெல்லாம் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் காலத்தில் 289-ஐத் தட்டிக்கொட்டி ஓட்டுவது வீண் செலவு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும்.

பிப்ரவரி 12

மறுக்கிறேன். கொயோட் மீது எனக்கு ஒன்றும் பகை கிடையாது. "மற்றதெல்லாம் போகப்போக" என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

என்னிடம் இருப்பதும் இதே 67 ஹார்ட்டாப்தான், மிச்சிகனில். இதே 289, டூ-பேரல் கார்புரேட்டர். ஃபோர்டு அதற்குப் போட்ட எண் 200 குதிரைத்திறன். அதுவும் அன்றைய கிராஸ் கணக்கு. எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் கிளீனர், முழு சைலன்சர் போன்ற பாரம் எதுவும் இல்லாமல் அளந்த எண். வண்டியில் ஏறிய பிறகு கிடைப்பது அதைவிட நன்றாகவே குறைவு. 2011 மஸ்டாங் ஜிடியில் வந்த முதல் கொயோட்டுக்கு 412, இது அந்தப் பாரமெல்லாம் சேர்த்து அளக்கும் நெட் கணக்கு. ஆக, இரண்டு மடங்குக்கு மேல். அதை நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியில் முதல் வேலையாக ஏற்றப் போகிறீர்கள்.

அடுத்தது இடம். பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்கு இரு பக்கமும் தகரக் கோபுரம் போல நிற்பவைதான் ஷாக் டவர்கள். முன் சஸ்பென்ஷனின் காயில் ஸ்பிரிங் அப்பர் ஆர்மின் மேல் உட்கார்ந்து, டவரின் உச்சியில் முட்டி நிற்கும். முன்பக்கப் பாரம் அந்தத் தகரம் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. 289-இல் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஒன்றே, அதுவும் பிளாக்கின் நடுவில். கொயோட்டில் ஹெட்டுக்கு இரண்டாக நாலு. லிட்டர் கணக்கில் 4.7-க்கும் 5.0-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அகலத்தில் மட்டும் கொயோட் ராட்சசன். டவரை அறுக்காமலோ ஒடுக்காமலோ உள்ளே இறங்காது.

அறுத்துவிட்டால் ஸ்பிரிங்குக்கு வேறு இடம் வேண்டும். பெரும்பாலோர் பற்றவைப்பது மஸ்டாங் 2 பாணி முன் சஸ்பென்ஷன். 1974 முதல் 78 வரை வந்த, பின்டோவின் அடித்தளத்தில் செய்த, மஸ்டாங் பிரியர்கள் பலர் இன்றுவரை மஸ்டாங் என்றே ஒப்புக்கொள்ளாத அந்த வண்டியின் முன்னங்கால்கள்! அதைக் கிண்டலடித்த அதே ஆட்கள்தான் அதைக் காசு கொடுத்து வாங்கி 67-இல் ஒட்டுகிறார்கள்.

என் வரிசை இது: துரு, பிரேக், ஒயரிங், ஸ்டீயரிங், ரேடியேட்டர், அப்புறம்தான் எஞ்சின். போல்ட் போட்டு மாட்டக்கூடியது எதுவானாலும் தாராளமாக மாட்டுங்கள். பிடிக்காவிட்டால் கழற்றிப் பழையதை வைக்கலாம். அறுத்ததைக் கழற்ற முடியாது.

பிப்ரவரி 12, இரவு

வாங்கும் முன் செய்யவேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. அதைக் காலையில் எழுத விட்டுப்போயிற்று. ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள்.

கண்ணாடிக்கு முன்னால், வைப்பருக்குக் கீழே காற்று போகும் சல்லடை இருக்கிறதல்லவா, அதன் அடியில் ஒரு மூடிய தொட்டி. பெயர் கவுல். மழைத்தண்ணீர் சல்லடை வழியாக உள்ளே விழுந்து, இரு ஓரமும் ஓடி, முன் ஃபெண்டருக்குப் பின்னால் வடியவேண்டும். தொட்டியின் தரையில் காற்றுக்காக இரண்டு ஓட்டை. தண்ணீர் அதில் இறங்காமலிருக்க ஓட்டையைச் சுற்றித் தொப்பி விளிம்பு போல உயர்ந்த தகரம். இலையும் சருகும் சேர்ந்து ஈரம் நின்றால் முதலில் அரிப்பது அந்த விளிம்பைத்தான். 65 முதல் 68 வரை எல்லா மஸ்டாங்குக்கும் உள்ள கதை இது. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

அதனால் சல்லடை மேல் நிதானமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே டேஷ்போர்டின் கீழே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கார்ப்பெட்டில் சொட்டினால் விலையில் பெரிதாகக் குறைத்துக் கேளுங்கள். கவுலைச் சரியாகச் செய்ய ஃபெண்டர், கண்ணாடி, டேஷ் எல்லாம் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, மேல் தகரத்தை முழுசாகத் தூக்க வேண்டும். என் வண்டியில் முந்தைய உரிமையாளர் ஃபைபர்கிளாஸ் துணியும் தாரும் போட்டு மேலே பூசி மெழுகியிருந்தார். விரலால் அழுத்தினால் அமுங்கியது. அதைச் சுரண்ட ஆரம்பித்தபோது அடியில் தகரமே இல்லை, துருத்தூள்தான்.

ஒஹாயோ வண்டி என்றால் உப்பும் சேர்த்தி. ஒரு கூடுதல் தகவல்: டெட்ராய்ட் நகரத்தின் அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அங்கிருந்தும் வருகிறது. கார் செய்யும் ஊரே காரை அரிக்கும் சரக்கையும் தோண்டி விற்கிறது.

பிப்ரவரி 18

விற்பவர் "நம்பர் மேட்சிங், அதனால் இந்த விலை" என்கிறாராம், அதாவது ஆலையில் வைத்த அதே எஞ்சின் என்று. சி கோட், அதாவது டூ-பேரல் 289 வைத்த 67-க்கு அப்படி நிரூபிக்க வழியே இல்லை. ஃபோர்டு எஞ்சின் பிளாக்கில் வண்டி எண்ணைப் பொறிப்பதை எல்லா வண்டிக்கும் வழக்கமாக்கியது 1968 மாடலில்தான். அதற்கு முன் மஸ்டாங்கில் அந்த மரியாதை கே கோட் எஞ்சினுக்கு மட்டும், அதாவது 271 குதிரைத்திறன் ஹை-பெர்ஃபார்மன்ஸ் 289-க்கு.

உங்களால் பார்க்க முடிவது வார்ப்புத் தேதி. பிளாக்கில் 7ஏ15 என்று இருந்தால் 1967 ஜனவரி 15 அன்று வார்த்தது. வண்டி செய்த தேதிக்குச் சில வாரம் முன்பாக இருந்தால் "பொருந்துகிறது" என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவே. வண்டி எண்ணையும் படியுங்கள். 7எஃப்01சி என்று தொடங்கினால்: 7 ஆண்டு, எஃப் டியர்பார்ன் ஆலை (ஆர் என்றால் சான் ஹோசே, டி என்றால் மெட்டுச்சன்), 01 ஹார்ட்டாப், சி டூ-பேரல் 289. 67-இல் செய்த ஹார்ட்டாப்கள் 3,56,271. கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக் 71,042 மட்டுமே. அதனால்தான் ஃபாஸ்ட்பேக்குக்கு வாயைப் பிளக்கும் விலை, ஹார்ட்டாப் நம் கைக்கு எட்டுகிறது.

எது அபூர்வம், எது சாதாரணம் என்று தெரிந்தால் எங்கே கை வைக்கலாம் என்பதும் தெரியும். மஸ்டாங்கின் பந்தய பாணி வடிவமான 67 ஷெல்பி ஜிடி500 மொத்தமே 2,048. அதன் டவரை அறுப்பவனை என்ன சொல்வது! சி கோட் ஹார்ட்டாப்பில் எஞ்சினை மாற்றினால் வரலாறு ஒன்றும் நொந்துகொள்ளாது.

மார்ச் 4

டெட்ராய்ட் ஆட்டோராமா போய் வந்தேன். 1953 முதல் நடக்கும் கண்காட்சி. அங்கே தரும் முதன்மை விருதான ரிட்லருக்கு வந்த வண்டிகளின் அடிப்பாகத்தில் என் முகம் தெரிந்தது, அவ்வளவு பாலிஷ். வண்டியின் கீழே கண்ணாடி வேறு வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் மழை வந்தால் இதன் சொந்தக்காரர் என்ன செய்வார் என்ற நினைப்பே எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் ரசனை வேறு.

மார்ச் 24

பிரேக் பற்றிக் கேட்ட டெக்சாஸ் நண்பருக்கு.

67-இல் ஒரு நல்ல விஷயம், மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை. 66 வரை மஸ்டாங்கில் ஒரே அறை. ஒரு குழாய் பிய்ந்தால் நாலு சக்கரமும் போச்சு. 66-ம் அதற்கு முந்தையதும் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடும் முன் இதை மாற்றுங்கள்.

முன்னால் டிஸ்க் போடுவது ஒரு வார இறுதி வேலை என்று விளம்பரத்தில் இருக்கும். ஸ்பிண்டில், காலிப்பர், ரோட்டர், குழாய், மாஸ்டர் சிலிண்டர், பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் ப்ரப்போர்ஷனிங் வால்வு எல்லாம் ஒரே பெட்டியில் வரும். எனக்கும் வந்தது. மாட்டி, காற்று எடுத்து, தெருவைச் சுற்றினேன். முதல் இரண்டு மைல் பிரமாதம். அப்புறம் வண்டி இழுக்க மறுத்தது, முன் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை. ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரம் கையால் சுற்ற வரவில்லை.

இதற்கு எளிய சோதனை இருக்கிறது. சக்கரம் பிடித்திருக்கும்போதே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து முன் பிரேக்குக்குப் போகும் குழாயின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். கந்தல் துணி வைத்துக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சர்ரென்று ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டர் பக்கம். விடுபடாமல், காலிப்பரில் காற்றெடுக்கும் திருகான பிளீடரைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் ரப்பர் குழாய் உள்ளே அடைத்திருக்கிறது.

எனக்கு மாஸ்டர் பக்கம். டிரம் பிரேக்குக்கு மாஸ்டரின் வாயில் ஒரு சின்ன ரப்பர் வால்வு வைப்பார்கள். மிதியை விட்ட பிறகும் குழாயில் 10 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தம் தங்கும். டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு அதே 10 விடாப்பிடியாகத் தேய்ப்பதற்குப் போதும். டிஸ்க் பக்க வாயிலும் அந்த வால்வு இருந்தது. பித்தளை இருக்கையை ஸ்க்ரூ போட்டு இழுத்து, வால்வை எடுத்து எறிந்து, இருக்கையைத் திரும்பத் தட்டினேன். சரியாயிற்று. விற்றவரிடம் கேட்டால் "டிஸ்க்/டிரம் இரண்டுக்கும் பொது" என்றார். புஷ்ராட் நீளமாக இருந்தாலும் இதே கோளாறு வரும், அதையும் பாருங்கள்.

ஏப்ரல் 7

கியர்பாக்ஸ். இந்த வண்டியில் நான் செய்த மாற்றங்களில் செலவுக்கு ஏற்ற பலன் தந்தது இதுதான்.

வண்டியோடு வந்த சி4 ஆட்டோமேட்டிக்கில் மூன்று கியர், எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர் டிரைவ் கிடையாது. பின் ஆக்சில் விகிதம் 3.00, டயரின் உயரம் 25.5 அங்குலம் என்றால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,770 சுற்று. இங்கே ஐ-75-இல் வேக வரம்பு அதுதான். ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினால் இறங்கும்போது காதில் வண்டு கத்தும்.

80-களின் மஸ்டாங்கில் வந்த டி-5 ஐந்து கியர் பெட்டி பொருந்துகிறது. 64 ஆகஸ்டுக்குப் பிந்தைய ஆறு போல்ட் பெல்ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்க்கும் கூடு) பிளாக் என்பதால் சிக்கல் இல்லை, அதற்கு முந்தையது ஐந்து போல்ட். ஐந்தாவது கியர் 0.68. இங்கே பலர் சறுக்குவது ஆக்சிலில். 3.00-ஐ அப்படியே விட்டால் 70 மைலில் 1,880 சுற்றுதான். 289 அங்கே திணறும், ஐந்தாவது கியர் இருந்தும் இல்லாத மாதிரி. 3.55 போட்டால் 2,230 வரும். முதல் கியரிலும் கிளம்பும் வேகம் தெரியும். பெட்டியையும் ஆக்சிலையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கிளட்ச் மிதியை மறந்துவிட்டுப் பெட்டியை மட்டும் வாங்கியவர்கள் இந்த இழையிலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 8

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறதா? டேங்க்கைக் கழற்றாதீர்கள். டேஷ் பின்னால் உள்ள சின்ன வோல்டேஜ் ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

மே 12

"அப்படியானால் பவரே கூடாது என்கிறீர்களா?" என்று கேள்வி கேட்டவர் கோபித்துக்கொண்டார். கூடாது என்று எங்கே சொன்னேன்? அறுக்காமல் பவர் ஏற்ற வழி இருக்கிறது என்கிறேன்.

1996 முதல் 2001 வரை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில் வந்த 5.0 வி8 நம் 289-இன் நேர் வாரிசு. அதே குடும்ப பிளாக், அதே அகலம், டவருக்கு நடுவே சொந்த வீடு மாதிரி இறங்கும். உரசாமல் உருளையில் ஓடும் ரோலர் கேம் உள்ளே இருக்கிறது, ஹெட்டும் பழையதைவிட நன்றாக மூச்சு விடும். பழைய இரும்புக் கடையில் நியாயமான விலைக்குக் கிடைக்கும். கார்புரேட்டர் மேனிஃபோல்டும் மிதமான கேமும் போட்டால் 67-இன் எடைக்குத் தாராளம்.

மூன்று இடத்தில் கவனம். எண்ணெய்த் தொட்டி: பழைய மஸ்டாங்குக்குக் குழி முன்பக்கம் இருக்கவேண்டும், பம்ப்பின் உறிஞ்சு குழாயும் அதற்கேற்ப. அடுத்தது சமநிலை எடை. 289-க்கு 28 அவுன்ஸ், 80-களின் தொடக்கத்திலிருந்து வந்த 5.0-க்கு 50. பழைய ஃப்ளைவீலையும் முன் டேம்பரையும் எடுத்துப் புது எஞ்சினில் மாட்டினால் எஞ்சின் நடுநடுங்கிக் கடைசியில் பேரிங் போகும். மூன்றாவது ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை; அதைத் தீர்மானிப்பது கேம். 289-க்கு 1-5-4-2-6-3-7-8. எக்ஸ்ப்ளோரர் எஞ்சினுக்கு 1-3-7-2-6-5-4-8. பக்கத்து வீட்டுப் பெரியவர் டியர்பார்ன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய எண்ணை அவர் மந்திரம் மாதிரி சொல்வார். என் நண்பர் ஒருவரின் புது எஞ்சினுக்கு அவரே ஒயர் மாட்டித் தந்தார். சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல், ஏர் கிளீனர் மூடி பறந்து புல்தரையில் விழுந்தது. "கேமை மாற்றினாயா?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

ஜூன் 9

ஒயரிங்.

ஹெட்லைட் சுவிட்சுக்குள் சூடானால் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்று இருக்கிறது. விளக்கின் முழு மின்சாரமும் அந்த சுவிட்ச் வழியாகவே போகிறது, ரிலே கிடையாது. அதிக வாட் ஹாலஜன் மாட்டி நெடுஞ்சாலையில் போனால், சுவிட்ச் சூடாகி, இரண்டு விளக்கும் ஒருசேர அணையும். ஆறினால் திரும்ப எரியும். இருட்டில் அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், இரண்டு ரிலே, ஒரு ஃப்யூஸ். பழைய சுவிட்ச் ரிலேவைத் தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கட்டும். செலவு ஒரு ஓட்டல் சாப்பாடு.

டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுபவர்கள்: சாவிக்கும் இக்னிஷன் காயிலுக்கும் நடுவே பிங்க் நிற ஒயர் ஒன்று ஓடுகிறது. அது வெறும் ஒயர் இல்லை, ரெசிஸ்டர். காயிலுக்கு வோல்டேஜைக் குறைப்பதற்காக வைத்தது. புது மாட்யூலின் சிவப்பு ஒயரை அதற்குப் பின்னால் மாட்டினால் சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். முன்னால் மாட்டுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் ஆனில் விட்டுப் பாட்டுக் கேட்காதீர்கள், மாட்யூல் வெந்துவிடும்.

எலெக்ட்ரிக் ஃபேன், ஏசி, இன்ஜெக்ஷன் பம்ப் எல்லாம் ஆசைப்பட்டால் பழைய ஆல்டர்னேட்டர் தாங்காது, அது சுமார் 40 ஆம்பியர். 90-களின் 130 ஆம்பியர் 3ஜி ஆல்டர்னேட்டர் சின்ன மாற்றத்தோடு மாட்டலாம். ஆனால் அதைப் பழைய சார்ஜிங் ஒயரிலேயே சேர்ப்பது வீட்டுக்குள் பட்டாசு வெடிக்கிற வேலை. தடித்த கேபிளும் பெரிய ஃப்யூஸும் கட்டாயம்.

ஜூன் 30

எண்ணெய் பற்றி மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். உங்கள் கேம் உருளை இல்லாமல் உரசி ஓடும் பழைய ஃப்ளாட் டாப்பெட்டா, ரோலரா என்று முதலில் பாருங்கள். ரோலர் என்றால் கடையில் உள்ள நல்ல எண்ணெய் எதுவும் சரி. ஃப்ளாட் டாப்பெட் என்றால் துத்தநாகமும் பாஸ்பரசும் கூடுதலாக உள்ளது வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக 2004-இல் வந்த எஸ்எம் என்ற எண்ணெய்த் தரத்தில் பாஸ்பரசை 800 பி.பி.எம்.-க்குள் கட்டிப்போட்டார்கள். பழைய கேமுக்கு அது போதாது. புதுக் கேம் போட்டால் முதல் 20 நிமிடம் 2,000-க்கும் 2,500-க்கும் நடுவே ஓடவிடுங்கள். ஐடிலில் விடாதீர்கள். ஐடிலில் கேமுக்கு எண்ணெய் தெறிப்பது குறைவு, அங்கேயே தேய்ந்துவிடும்.

ஜூலை 21

இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். என் மகள் பின் சீட்டில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து மனதில் இருக்கும் விஷயம்.

65 முதல் 68 வரை மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்க்கின் மேல் தகடுதான் டிக்கியின் தரை. தனித் தரை கிடையாது. ஹார்ட்டாப்பில் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே அட்டை, அதற்கு இந்தப் பக்கம் சீட்டின் பஞ்சு. பின்னாலிருந்து ஒருவன் மோதி டேங்க் கிழிந்தால் பெட்ரோலுக்கும் குழந்தைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பின் சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தகடு அடைத்து, விளிம்பைச் சுற்றி சீலர் போடுங்கள். டேங்க்குக்கு மேலும் தகடு கிடைக்கிறது. விலை அதிகமில்லை, வெளியே தெரியாது, அசல் பிரியர்களுக்கும் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

67-இல் ஸ்டாண்டர்டாக வந்தது இடுப்புப் பட்டைதான். முன் சீட்டுக்குத் தோள்பட்டை அமெரிக்காவில் கட்டாயமானது 1968 ஜனவரி 1 முதல். மூன்று முனைப் பட்டை போடும்போது மேல் முனையை வெறும் தகரத்தில் துளைத்து மாட்டாதீர்கள், பின்னால் தடித்த தகடு பற்றவையுங்கள். கொயோட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் இதெல்லாம் சில்லறை.

ஆகஸ்ட் 18

நேற்று உட்வர்ட் டிரீம் க்ரூஸ். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை, 1995-இல் தொடங்கியது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை சாலை முழுக்கப் பழைய வண்டி. வேகம் என்று ஒன்றும் இல்லை, ஊர்வலம்தான்.

ராயல் ஓக் பக்கம் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பானெட் திறந்து நிற்பவற்றைக் கணக்கெடுக்கலாம். 600 குதிரைத்திறன் என்று கண்ணாடியில் எழுதி வைத்த வண்டிகள்தான் முதலில் ஆவி விடுகின்றன. நின்று நின்று போகும் வெயிலில் ரேடியேட்டரின் அளவைவிடக் காற்றை இழுக்கும் விதம்தான் காப்பாற்றும். ஃபேனைச் சுற்றியுள்ள ஷ்ரவுடைக் கழற்றி எறிந்தவர்களே அதிகம். அழகாயில்லையாம்.

என் வண்டி கொதிக்கவில்லை. ஆனால் காபி குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் உயிர் வரவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டருக்குள் ஆவியாகிவிடுகிறது. மிதியை முழுக்க அழுத்திப் பிடித்துக் கிராங்க் செய்தால் கிளம்பும், கூட்டம் வேடிக்கை பார்க்கும். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் அரை அங்குல பினாலிக் ஸ்பேசர் வைக்கப் போகிறேன். கார்புரேட்டருக்குப் பதில் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன் பற்றியும் இந்தக் குளிர்காலத்தில் யோசிப்பேன். டேங்க்குக்குள் பம்ப், திரும்பும் குழாய், இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கான ரப்பர் என்று வேலை நீள்கிறது. "ஒரு மதியத்தில் முடியும்" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

செப்டம்பர் 15

நேர்மையாக எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்க வேண்டும். உட்வர்டில் சந்தித்த ஒருவரின் 67-இல் கொயோட். ஷாக் டவர் இல்லை. ஓட்டவும் தந்தார். ஸ்டீயரிங் விரலில் நிற்கிறது, பிரேக் இன்றைய வண்டி மாதிரி, ஏசியில் ஜன்னல் வியர்க்கிறது. மறுநாளும் நினைப்பாகவே இருந்தது.

ஆனால் அவர் அறுத்தது ஓடும் வண்டியை இல்லை. முன் ரெயில், தரை, கவுல் எல்லாம் போய்ப் பேருக்கு மிஞ்சிய கூட்டை வாங்கி, டவருக்குப் பதில் முன்பக்கம் முழுக்கப் புது ரெயிலும் பிரேஸும் கட்டியிருக்கிறார். இப்படியிருந்தால் அறுக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. 67 ஃபாஸ்ட்பேக்குக்கு டைனாகார்ன் என்ற நிறுவனம் புதுத் தகரத்தில் முழு பாடியே அச்சடித்து விற்கிறது. கொயோட் மோகம் தீராதவர்கள் அதில் ஆரம்பித்தால் பழைய வண்டி ஒன்று பிழைக்கும்.

நேரெதிர் உதாரணமும் சொல்கிறேன். 'புல்லிட்' படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை 68 மஸ்டாங் ஜிடி, 2020 ஜனவரியில் கிஸ்ஸிமியில் ஏலத்துக்கு வந்தபோது மங்கிய பெயின்ட்டும் துருவுமாகவே வந்தது. யாரும் பட்டி பார்க்கவில்லை. 34 லட்சம் டாலருக்குச் சுத்தியல் தட்டினார்கள். கட்டணம் சேர்த்து 37 லட்சத்துக்கு மேல். நம் வண்டிக்கும் அப்படி வரும் என்று கனவு காண்பதற்காகச் சொல்லவில்லை. கை வைக்காமல் விடுவதும் சில வண்டிக்கு ஒரு முடிவுதான்.

அக்டோபர் 6

கேள்வி கேட்டவர் வண்டியை வாங்கிவிட்டார், வாழ்த்துகள். கவுலில் வலது பக்கம் சொட்டியதாம், விலையைக் குறைத்தே வாங்கியிருக்கிறார். கொயோட்டை ஒத்திவைத்துவிட்டு டிஸ்க் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று என்கிறார். மாஸ்டரின் வாயைப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

அலைன்மென்ட் எண், அதாவது முன் சக்கரங்கள் நிற்கவேண்டிய கோணம், கேட்டிருக்கிறீர்கள். பழைய மேனுவலில் உள்ளது அந்தக் காலத்து பயஸ் டயருக்கான எண், கடைக்காரர் கணினியிலும் பெரும்பாலும் அதுவே இருக்கும். இன்றைய ரேடியல் டயர் போட்ட பிறகு அதன்படி வைத்தால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும். என் வண்டியில் இருப்பது: கேஸ்டர் பாசிடிவ் 2.5 முதல் 3 டிகிரி, கேம்பர் நெகடிவ் அரை, டோ-இன் எட்டில் ஒரு அங்குலம். காகிதத்தில் எழுதிக் கொடுத்து, வேலை முடிந்ததும் அச்சடித்த ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்கள்.

அப்பர் ஆர்மைக் கழற்றியிருக்கும்போதே அதன் துளைகளை ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே இறக்கிவிடலாம். ஃபோர்டு எஞ்சினியர் கிளாஸ் ஆர்னிங் போட்ட கணக்கு அது, 1965 ஷெல்பி ஜிடி350-இல் வந்தது. வளைவில் வண்டி சாயும்போது சக்கரமும் வெளியே சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். பக்கத்துக்கு இரண்டு துளை, டிரில் போதும், வெல்டிங் இல்லை. பழைய துளை அப்படியே இருக்கும். டெம்ப்ளேட் என்னிடம் இருக்கிறது, அளவெடுத்துப் படமாகப் போடுகிறேன்.

மிச்சிகனில் ஹிஸ்டாரிக் பிளேட் (பழைய வண்டிக்கான தனி நம்பர் பிளேட்) பற்றிக் கேட்டவருக்கு: வண்டிக்கு 26 வயதாவது ஆகியிருக்க வேண்டும். கிளப் நிகழ்ச்சி, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் சாதாரணமாகவும் ஓட்டலாம். தினமும் வேலைக்கு எடுத்துப்போவது திட்டம் என்றால் வழக்கமான பிளேட்டே வாங்குங்கள். ஒஹாயோ விதி வேறு, அங்கே கேளுங்கள்.